பழைய ஷாட்கன் தோட்டா ரீலோடிங் சாமான்கள கண்டுபிடிக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருக்கிறது இங்கிலாந்துல, மிட்லண்ட்ஸ் பக்கம். ஞாயித்துக்கிழமை காலைல கார் பூட் சேல்னு மைதானத்துல கார் டிக்கிய தெறந்து வச்சு பழைய சாமான் விப்பாங்க, அங்க சுத்துறதுதான் நமக்குப் பொழுதுபோக்கு. பித்தளையும் மரமும் சேர்ந்த எதையாவது பாத்தா கை தானா போயிடும். அப்படித்தான் சுட்ட தோட்டாவ வீட்டுலயே திரும்ப ரொப்புற (ரீலோடிங்) இந்த சாமான்கள்ல மாட்டினேன். இப்போ ஆளாளுக்கு போட்டோ அனுப்பி இது என்னன்னு கேக்குறாங்க, கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு பாக்குறேன்.

மொதல்ல, தோட்டாவ எதுக்கு வீட்டுல நிரப்புனாங்க? கடைல கெடைக்காதா?

கெடைக்கும், ஆனா காசு அதிகம். ஷாட்கன் தோட்டான்னா அந்தக் காலத்துல ஒரு காகிதக் குழாய், அடில பித்தளைத் தொப்பி, அதோட நடுவுல ஒரு கேப் (அடிச்சா தீப்பொறி விட்டு மருந்தக் கொளுத்துற சின்ன உலோக மூடி), உள்ள வெடிமருந்தும் ஈயக் குண்டும். சுட்டு முடிச்சதும் குழாய் நல்லா இருந்தா அதையே திரும்ப ரொப்பலாம். பின்பக்கமா தோட்டா போடுற துப்பாக்கிய பிரான்ஸ்ல லெஃபோஷே அப்படிங்கிற துப்பாக்கிக்காரர் 1830கள்லயே கொண்டு வந்துட்டாரு, ஆனா இங்கிலாந்துக்காரங்க 1851ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சில பாத்த பிறகுதான் மெதுவா அந்தப் பக்கம் திரும்புனாங்க. 1861ல டா அப்படிங்கிற லண்டன் துப்பாக்கிக்காரர் சென்டர்ஃபயர் தோட்டாவ (கேப் அடி நடுவுல இருக்கிறது) விக்க ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம் ஒரு நாப்பது அம்பது வருஷம் பண்ணை வீடு, ஜமீன் வீடு எல்லாத்துலயும் மழைக்கால சாயங்காலம்னா காவக்காரர் மேஜைல உக்காந்து தோட்டா ரொப்புறதுதான் வேலை. அமெரிக்கால கேக்கவே வேணாம், பக்கத்துக் கடைக்கே ஒரு நாள் வண்டி ஓட்டணும். அப்புறம் ஃபேக்டரி தோட்டா வெல கொறஞ்சுது, இந்த சாமான் எல்லாம் பரணுக்குப் போச்சு. அங்கேர்ந்துதான் இப்போ நம்ம கைக்கு வருது.

கையில ஒண்ணு கெடச்சா மொதல்ல எதப் பாக்கணும்? பேரா?

பேர கடைசில பாருங்க. எல்லாரும் பண்ற தப்பே இதுதான், பூதக்கண்ணாடி வச்சு எழுத்தத் தேடுவாங்க, ஒரு ஊர் பேரு கெடச்சா உடனே நெட்ல அடிச்சு எவனோ எழுதுன வெலயப் பாத்து மயங்கிடுவாங்க. மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த சாமான் தோட்டாவோட எந்த எடத்தத் தொடுது?

தோட்டாவுக்கு மூணு எடம்தான். அடி, உள்பக்கம், வாய். அடில வேல செய்றதுன்னா கேப் சம்பந்தப்பட்டது, பழசக் கழட்டும் இல்ல புதுச மாட்டும். உள்ள வேல செய்றதுன்னா அளக்குறது, ஊத்துறது, அமுக்குறது. வாய்ல வேல செய்றதுன்னா மடிக்கிறது. இந்த மூணுல எதுன்னு தெரிஞ்சா பாதி முடிஞ்சுது, மீதி எந்த சைஸ், எந்த நாடு, எந்தக் காலம், அவ்ளோதான். மூணுலயும் சேரலன்னா அது பெரும்பாலும் ரீலோடிங் சாமானே இல்ல.

மேஜைல ஸ்க்ரூ போட்டு மாட்டுற மாதிரி இருக்கு, கைப்பிடி சுத்துது. கறி அரைக்கிற மெஷினா?

நான் மொதல்ல வாங்குனதும் இதுதான், வித்த பெரியவர் அத ஆப்பிள் தோல் சீவுறதுன்னு சத்தியமே பண்ணாரு. அது வாய் மடிக்கிற மெஷின். இங்க இதுக்கு டர்ன்ஓவர்னு பேரு, அமெரிக்கால க்ரிம்பர்ம்பாங்க.

எல்லாம் ரொப்பி முடிச்சதும் மேல ஒரு மெல்லிசு அட்டை வச்சு, காகிதக் குழாயோட நுனிய உள்பக்கமா சுருட்டணும், வேட்டி நுனியச் சுருட்டி உள்ள செருகுற மாதிரி. அந்தச் சுருட்டல்தான் உள்ள இருக்கிற ஈயக் குண்டுகள கொட்டாமப் புடிச்சு வைக்குது. கையால பண்ணா காகிதம் கிழியும், அதுக்குத்தான் மெஷின்.

பாக்க வேண்டிய பாகம் நாலு. கீழ மேஜை விளிம்பக் கவ்வுற ஸ்க்ரூ. நடுவுல தோட்டா படுக்குற தொட்டில், சிலதுல மூடி மாதிரி ஒரு கிளாம்பும் இருக்கும். ஒரு பக்கம் தோட்டாவ முன்னாடி தள்ளுற லீவர். இன்னொரு பக்கம் கைப்பிடியோட சேர்ந்து சுத்துற தல. அந்தத் தலக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, குழிக்குள்ள ரெண்டோ மூணோ குட்டி ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஊசிதான் காகிதத்த மடிக்குது. வெளிய முழுக்க கறுப்புப் பெயின்ட்டும் துருவுமா இருந்தாலும் ஊசி முனை மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கும், சில சமயம் குழி மூலைல செவப்பு இல்ல பச்சக் காகிதத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கும். என்கிட்ட இருக்கிற ஒண்ணுல அப்படி ஒரு செவப்புத் துணுக்கு இருக்கு, நகத்தளவு கூட இல்ல, அத நான் தொடவே இல்ல.

கறி அரைக்கிறதுல உள்ள திருகு இருக்கும், ஆப்பிள் சீவுறதுல முள்ளு இருக்கும், இதுல ரெண்டும் இருக்காது.

எனக்கு கெடச்சது சின்னது, மேஜைல மாட்ட எதுவும் இல்ல, மரப்பிடி ஒண்ணு, அடில இரும்புக் கிண்ணம்.

அதே வேலைதான், கைல புடிச்சு சுத்துற மாடல். தோட்டாவ ஒரு கைல புடிச்சுக்கிட்டு மேல வச்சு அமுக்கிச் சுத்தணும். கிண்ணத்துக்குள்ள ஊசி இருக்கான்னு பாருங்க, இருந்தா சரி. இல்லன்னா ஏதோ கதவுக் குமிழா இருக்கலாம், வருத்தப்படாதீங்க.

கொறடு மாதிரி இருக்கு, ஒரு தாடைல சின்னக் குச்சி, இன்னொரு தாடைல குழி. பாக்கு வெட்டியா?

நம்மாளு பாத்தா பாக்கு வெட்டின்னுதான் சொல்வான், இங்க உள்ளவங்க கொட்டை ஒடைக்கிறதும்பாங்க. அது கேப் கழட்டி மாட்டுற சாமான். குச்சி வர்ற பக்கம் வெடிச்ச பழைய கேப்ப உள்ளேர்ந்து வெளிய தள்ளும், தட்டையா இருக்கிற பக்கம் புது கேப்ப அமுக்கி உக்கார வைக்கும். கொறடு மாதிரி இல்லாம, மரக்கட்டை மேல நிக்கிற தூண் மாதிரியும் வரும், தோட்டாவ தலகீழா அந்தத் தூண்ல மாட்டி மேலேர்ந்து லீவர அமுக்கணும். குச்சி உடைஞ்சிருக்கிறது சகஜம், இதுல மொதல்ல போறதே அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த சாமானோட சின்னத் தகர டப்பா வந்து, அதுல செம்பு நெறத்துல சட்டைப் பட்டன விடச் சின்னதா ஏதாவது இருந்தா நோண்டாதீங்க, ஆட்டாதீங்க. அது வெடிக்காத கேப்பா இருக்கலாம். நூறு வருஷம் ஆனா செத்துப் போயிருக்கும்னு நெனைக்கிறது தப்பு. அப்படியே வச்சுட்டு போலீசுக்குச் சொல்லுங்க.

பித்தளைக் கிண்ணம், மரப்பிடி, கழுத்துல நம்பர் போட்டிருக்கு. சாராயம் அளக்குறதா?

சாராயமும் இல்ல, டீத்தூளும் இல்ல. இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச சாமான். வெடிமருந்தும் ரவையும் அளக்குற கிண்ணம். ரவைன்னா உப்புமா ரவை இல்லீங்க, ஈயக் குண்டு, நம்ம ஊர்லயும் வேட்டைக்காரங்க அதே பேருதான் சொல்வாங்க.

நல்லா கவனிச்சா ரெண்டு பக்கமும் வேற வேற கோடு இருக்கும். ஒரு பக்கம் டிராம்னு போட்டு 2½, 2¾, 3, 3¼ மாதிரி எண்கள், இது கருமருந்துக்கு (பொகை விடுற பழைய வெடிமருந்து). இன்னொரு பக்கம் அவுன்ஸ்னு போட்டு ⅞, 1, 1⅛, 1¼, இது ரவைக்கு. உள்குழாய மேல கீழ நகத்தி வேணுங்கிற கோட்டுல நிறுத்துனா கிண்ணத்தோட ஆழம் மாறும். 16 டிராம் சேர்ந்தா ஒரு அவுன்ஸ். ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், இது நிறுக்கல, முகக்குது. நம்ம ஆழாக்கு மாதிரி. ஆழாக்கு அரிசியும் ஆழாக்கு பொரியும் ஒரே எடையா? அதே கததான் இங்கயும், டிராம் கோடு எல்லாம் கருமருந்த மனசுல வச்சுப் போட்டது.

எண்கள வச்சே துப்பாக்கி சைஸ ஊகிக்கலாம். 3 டிராம், 1⅛ அவுன்ஸ் சுத்தி நம்பர் இருந்தா 12 போர் (போர்ன்னா துப்பாக்கிக் குழாய் சைஸ், கணக்கு கீழ சொல்றேன்) துப்பாக்கிக்காரங்களுக்கு ஆனது. அத விட ரொம்ப மேல போனா வாத்து சுடுற பெரிய துப்பாக்கிக்காரங்க. ரவை அளவே இல்லாம டிராம் மட்டும் இருந்து, பெருசு பெருசா 4, 5னு போனா, அது முன்பக்கமா மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கிக்கா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, அப்போ அது தோட்டா சாமான் கணக்குல வராது.

அடில நாலு இலக்க எண் இருந்தா அத வருஷம்னு எடுத்துக்காதீங்க. பெரும்பாலும் கேட்டலாக் நம்பர். 18ல ஆரம்பிச்சா போதும், ஏலக்காரன் அத வருஷமாக்கி வெலய ஏத்திடுவான்.

வட்டமா கூர்மையான இரும்பு, மேல சுத்தியல்ல அடிச்ச தழும்பு. தோல் வெட்டுறதா, வாட் வெட்டுறதா?

இதுல நானே ஏமாந்திருக்கேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல வைக்கிற தக்கைக்கு வாட்னு பேரு, கம்பளி ஃபெல்ட்ல இல்ல அட்டைல வட்டமா வெட்டி எடுப்பாங்க. அத வெட்டுற பஞ்ச்ங்கிற வட்ட உளியும், செருப்புக் கடைல தோல் வெட்டுறதும், பைப்புக்கு வாஷர் வெட்டுறதும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு ஏலத்துல 12னு அடிச்ச பஞ்ச வாட் பஞ்ச்னு நம்பி வாங்குனேன், வீட்டுக்கு வந்து வெர்னியர் அளவுகோல் வச்சா 12 மில்லிமீட்டர். வாஷர் வெட்டுற சாமான். 12 போர் வாட் பஞ்ச்னா வெட்டுற விளிம்பு உள்ளளவு 18.5 மில்லிமீட்டர்லேர்ந்து கொஞ்சம் மேல இருக்கணும்.

அதாவது, அடிச்சிருக்கிற நம்பரும் மில்லிமீட்டரும் ஒண்ணா இருந்தா அது வாட் பஞ்ச் இல்ல.

இன்னொரு வேடிக்கை, 11னு அடிச்ச வாட் பஞ்ச் நெறைய கெடைக்கும். 11 போர் துப்பாக்கி அபூர்வம், அப்புறம் ஏன் இத்தன பஞ்ச்? முழுப் பித்தளைத் தோட்டாதான் காரணம். பித்தளைச் சுவர் காகிதத்த விட மெல்லிசு, அதனால வெளிய அதே 12 அளவா இருந்தாலும் உள்ள எடம் ஜாஸ்தி. 12 நம்பர் வாட் அதுல லொடலொடன்னு ஆடும். 11 இல்ல 10 நம்பர் வாட் போட்டாத்தான் இறுக்கமா நிக்கும். இது தெரியாம 11ன்னு பாத்ததும் அபூர்வம் அபூர்வம்னு வெல சொல்றவங்க உண்டு.

மர உருளை, கொஞ்சம் வழவழன்னு இருக்கு. அடில பித்தளை வளையம்.

இடிகட்டை. வாட்ட உள்ள தள்ளி அமுக்க. பாக்ஸ்வுட்னு மஞ்சளா கெட்டியான மரம் ரொம்ப சகஜம். கூட ஒரு குட்டிப் புனலும் தோட்டா நிக்கிற குழியோட ஒரு அடிக்கட்டையும் சேர்ந்தாத்தான் செட். கட்டை தனியா இருந்தா மருந்துக் கடை உலக்கையோட குழப்பிக்கலாம், உலக்கைன்னா முனை உருண்டையா இருக்கும், இது தட்டை. முனையோட குறுக்களவ அளந்து பாருங்க, தோட்டா உள்ளளவுக்கு சரியா வரும்.

நூறு ஓட்டையோட பெரிய மரப் பெட்டி, தட்டு தட்டா அடுக்குனது கெடச்சா சந்தோஷப்படுங்க. ஸ்காட்லாந்துல நியூட்டன் ஸ்டூவர்ட் ஊர்ல எர்ஸ்கின் அப்படிங்கிற துப்பாக்கிக்காரர் ஒரே நேரத்துல நூறு தோட்டா ரொப்புற மெஷின் செஞ்சாரு. இட்லித் தட்டு மாதிரி யோசனை, ஒரு தட்டு மருந்து, ஒரு தட்டு ரவைன்னு ஒரே இழுப்புல எல்லாக் குழிலயும் விழும். தட்டு ஒண்ணு காணாமப் போயிருந்தா வெல பாதியாயிடும், எண்ணிப் பாத்து வாங்குங்க.

சாவிக்கொத்துல போடுற அளவு சின்னது, வளைவா கொக்கி இருக்கு. பாட்டில் ஓப்பனர்?

எக்ஸ்ட்ராக்டர். மழைல நனஞ்ச காகிதத் தோட்டா ஊதிப் போய் துப்பாக்கில சிக்கிக்கும், அத இழுக்குறதுக்கு. ரீலோடிங் சாமான் இல்ல, ஆனா எல்லா செட்லயும் கூடவே வரும். 12, 16, 20 மூணுக்கும் மூணு வளைவு ஒரே துண்டுல இருக்கிறதும் உண்டு.

12, 16, 20ன்னா என்ன கணக்கு? பெரிய நம்பர்னா பெரிய துப்பாக்கியா?

தலகீழ். ஒரு பவுண்டு ஈயத்த சமமா 12 உருண்டையாக்குனா ஒரு உருண்டையோட குறுக்களவு 12 போர், அதாவது சுமார் 18.5 மி.மீ. 16 போர் சுமார் 16.8, 20 போர் சுமார் 15.6, 10 போர் சுமார் 19.7. உருண்டை எண்ணிக்கை கூடக் கூட உருண்டை சின்னதாகுது. 410 மட்டும் இந்தக் கணக்குல வராது, அது நேரா 0.410 அங்குலம்.

சாமான்ல நம்பர் தேஞ்சு போயிருந்தா நான் பண்ற வேல இது. பாக்கெட்ல ஒரு பென்னி காசு வச்சிருப்பேன், இங்கிலாந்து ஒரு பென்னி 20.3 மி.மீ., 12 போர் தோட்டாவோட வாய்ப்பக்க வெளி அளவும் கிட்டத்தட்ட அதேதான். வாய் மடிக்கிற மெஷின் தொட்டில்ல காசு நேரா உக்காந்தா 12. உள்ள போகலன்னா 16, 20 பக்கம். 16க்கு வெளி அளவு சுமார் 18.6, 20க்கு சுமார் 17.4. இந்தியால இருக்கிறவங்களுக்கு 2019 சீரிஸ் ஒரு ரூபாக் காசு 20 மி.மீ., அவசரத்துக்கு அது போதும், ஆனா பழைய ஒரு ரூபா பெருசு, அத வச்சுப் பாத்துட்டு என்னத் திட்டாதீங்க.

தொட்டில்ல பக்கவாட்டுல ஒரு காடி வெட்டிருக்கு. உடைஞ்சதா?

உடையல, அதுதான் அதோட அடையாளமே! பின்ஃபயர் தோட்டாவுக்கு ஆனது. லெஃபோஷே காலத்துத் தோட்டால கேப் உள்ள இருக்கும், பக்கவாட்டுல ஒரு பித்தளை ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும், துப்பாக்கிச் சுத்தி அந்த ஊசி தலைல அடிக்கும். அந்த ஊசி போக எடம் வேணுமே, அதுக்குத்தான் காடி. விளிம்பு வழவழன்னு அரம் போட்டு முடிச்சிருந்தா பின்ஃபயர், பிசிறா இருந்தா நெசமாவே உடைசல். சென்டர்ஃபயர் வந்த பிறகும் பழைய துப்பாக்கி வச்சிருந்தவங்க பின்ஃபயர விடல, அதனால காடி இருக்குன்ன ஒடனே 1850கள்னு முடிவு கட்டிடாதீங்க.

சரி, இப்பவாவது பேரு பத்தி சொல்லுங்க. யார் செஞ்சது?

இங்கிலாந்துல இந்த மாதிரி சாமானுக்கு பெரிய ஊர் ஷெஃபீல்ட். அதுல பெரிய பேரு ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ். 1806ல தொடங்குன கம்பெனி, டான் ஆத்தங்கரைல கார்னிஷ் பிளேஸ்ங்கிற எடத்துல ஃபேக்டரி, வெள்ளி முலாம் டீ பாட்டும் செய்வாங்க, வெடிமருந்துக் குடுவையும் செய்வாங்க. அதே ஊர்ல ஜி அண்ட் ஜே டபிள்யூ ஹாக்ஸ்லி, பார்ட்ரம் பேரும் அடிக்கடி வரும். டிக்சன் பேரு போட்ட அளவுக் கிண்ணம் எக்கச்சக்கம், அபூர்வம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகருங்க.

ஆனா பெரும்பாலான சாமான்ல பேரே இருக்காது, இல்லன்னா வித்த துப்பாக்கிக் கடைக்காரர் பேரு இருக்கும். கல்யாணத்துக்குக் குடுக்குற தாம்பாளத்துல பேரு வெட்டித் தர்ற பாத்திரக் கடை மாதிரி, கடைக்காரர் ஷெஃபீல்ட்லேர்ந்து மொத்தமா வாங்கி தன் பேர அடிச்சுக்குவாரு. அதனால ஒரு லண்டன் கடை பேரு இருந்தா அந்தக் கடைல வித்ததுன்னு மட்டும்தான் அர்த்தம். அந்தக் கடை அதே முகவரில எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரை இருந்துச்சுன்னு தேடுனா காலம் கெடச்சிடும், அந்த அளவுக்கு அது உபயோகம்தான்.

அமெரிக்க சாமான எப்படிக் கண்டுபுடிக்கிறது?

ரெண்டு பேரு தெரிஞ்சா போதும். ஒண்ணு ஐடியல், கனெடிகட்ல நியூ ஹேவன் ஊர்ல ஜான் பார்லோ 1884ல ஆரம்பிச்சது. 1910ல மார்லின் துப்பாக்கிக் கம்பெனி கைக்குப் போச்சு, நடுவுல இன்னொருத்தர்கிட்ட கொஞ்ச நாள், 1925ல மிடில்ஃபீல்ட் ஊர் லைமன் கம்பெனி வாங்குச்சு. ஒரே மாதிரி சாமான்ல ஐடியல் நியூ ஹேவன்னு இருந்தா பழசு, லைமன் மிடில்ஃபீல்ட்னு இருந்தா 1925க்கு அப்புறம். இவ்ளோ சுலபமா காலம் சொல்ல முடியுற பிராண்ட் வேற இல்ல.

ரெண்டாவது பிரிட்ஜ்போர்ட் கன் இம்ப்ளிமென்ட் கம்பெனி, பி.ஜி.ஐ.ன்னு சுருக்கமா அடிச்சிருக்கும். இவங்க கோல்ஃப் மட்டையும் செஞ்சாங்க, அதனால இந்த மூணு எழுத்தத் தேடுனா பாதி கோல்ஃப்காரங்க பக்கம்தான் வரும். வின்செஸ்டர் துப்பாக்கிக் கம்பெனியும் தன் பேர்ல ரீலோடிங் செட் வித்துச்சு.

அமெரிக்க சாமான்ல பேட்டன்ட் தேதியே அடிச்சிருப்பாங்க. அது செஞ்ச தேதி இல்ல, அதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாதுங்கிற தேதி. பேட்டன்ட் வாங்கி இருவது வருஷம் கழிச்சும் அதே அச்சுல வார்த்திருப்பான்.

வேற எந்தக் குறிய வச்சு காலம் சொல்லலாம்?

வைர வடிவத்துல ஒரு முத்திரை, மூலைக்கு மூலை எழுத்தும் எண்ணும் இருந்தா அது பிரிட்டிஷ் டிசைன் பதிவு, 1842லேர்ந்து 1883 வரைக்கும். 1884லேர்ந்து வைரம் போயி வெறும் பதிவு எண், ஒண்ணுலேர்ந்து தொடங்கி 1890 தொடக்கத்துல 1,41,000 தாண்டி, 1900 தொடக்கத்துல 3,51,000 தாண்டிடுச்சு. வெறும் ஷெஃபீல்ட்னு இல்லாம இங்கிலாந்துன்னு நாட்டுப் பேரும் சேர்த்து அடிச்சிருந்தா பெரும்பாலும் 1891க்கு அப்புறம், ஏன்னா அமெரிக்கா இறக்குமதிச் சாமான்ல நாட்டுப் பேரு கட்டாயம்னு சட்டம் போட்டுச்சு. பிரெஞ்சு சாமான்ல ப்ரெவெத்தே எஸ்.ஜி.டி.ஜி.ன்னு பேட்டன்ட் குறி இருக்கும், அது 1844லேர்ந்து 1968 வரைக்கும் போட்டது, அதனால காலம் சொல்ல உதவாது, நாட்ட மட்டும் சொல்லும். ஜெர்மன்ல டி.ஆர்.ஜி.எம்.னு பதிவுக் குறி இருந்தா 1891 இல்ல அதுக்கு அப்புறம்.

குறியே இல்லன்னா வாயப் பாருங்க. வட்டமா சுருட்டுற ஊசித் தல இருந்தா காகிதத் தோட்டா காலம். ஆறு இல்ல எட்டு மடிப்பா, கடலைப் பொட்டலம் மாதிரி நட்சத்திரமா மடிக்கிற தல இருந்தா அது இருபதாம் நூற்றாண்டு நடுவுக்கு வந்துடுச்சு. 1960ல ரெமிங்டன் பிளாஸ்டிக் தோட்டா கொண்டு வந்த பிறகு அந்த மடிப்புதான் எங்கயும்.

லீ லோடர், எம்.இ.சி. மெஷின் எல்லாம் பழசுக் கணக்குல வருமா?

ஆளப் பொறுத்தது. லீ லோடர்ங்கிறது கையால தோட்டா ரொப்புற சின்ன செட், 1958ல அமெரிக்கால விஸ்கான்சின்ல ரிச்சர்ட் லீ விக்க ஆரம்பிச்சது, ரீலோடிங் மெஷின் செய்ற எம்.இ.சி. கம்பெனியும் அதே மாநிலம். என் கண்ணுக்கு அது பழசு இல்ல, எங்கப்பா வயசுக்குக் கூட எளசு. ஆனா டப்பாவும் உள்ள இருக்கிற வழிமுறைக் காகிதமும் முழுசா இருந்தா எடுத்து வைங்க.

எங்க தாத்தா எஸ்டேட்ல வேல பாத்தாரு, ஊட்டி பங்களாப் பெட்டில இந்த மாதிரி கெடந்துச்சு. நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு?

வெள்ளைக்கார தொரைங்களோட வந்ததுதான். நீலகிரில வேட்டைக்குக் கட்டுப்பாடு போடவே 1879ல தனிச் சட்டம் வந்துச்சுன்னா எவ்ளோ சுட்டிருப்பாங்கன்னு பாத்துக்கோங்க. மலை ஈரத்துல காகிதத் தோட்டா ஊதிடும், அதனால முழுப் பித்தளைத் தோட்டாவும், ஈலி கம்பெனியோட தண்ணி புகாத பெகமாய்டு தோட்டாவும் இந்த மாதிரி ஊருக்குன்னே வித்தாங்க. நம்ம பக்கம் கெடைக்கிற செட்ல 11, 10 நம்பர் வாட் பஞ்ச் இருந்தா மேல சொன்ன பித்தளைக் கதைய ஞாபகப்படுத்திக்கோங்க. பெட்டில சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தா ராடா மாதிரி பேரு இருந்தா அதுவும் கடை பேருதான்.

ஆனா முக்கியமான விஷயம் வேற. 1959 ஆயுதச் சட்டத்துல தோட்டாவுக்குக் குடுத்திருக்கிற விளக்கத்துக்குள்ள, தோட்டாவோட பாகங்களும் தோட்டா செய்ற கருவியும் சேர்ந்தே வருது. பித்தளைக் கிண்ணம் ஒண்ணு அலமாரில இருக்கிறது வேற, முழு செட்டையும் வெளிநாட்டுலேர்ந்து பார்சல்ல எறக்குறது வேற. வாங்குறதுக்கு, விக்கிறதுக்கு, அனுப்புறதுக்கு முன்னாடி வக்கீலயோ லைசென்ஸ் குடுக்குற ஆபீஸயோ கேட்டுடுங்க. வெடிக்காத தோட்டாவோ கேப்போ இருந்தா அதப் பத்தி ரெண்டாவது யோசனையே வேணாம், போலீஸ்.

இத வச்சு இப்போ தோட்டா ரொப்பலாமா?

வேணாம். லைசென்ஸ் இருக்கிற நாட்டுல இருந்தாலும் வேணாம். அளவுக் கிண்ணத்துல 3 டிராம்னு இருக்கிற கோடு கருமருந்துக்குப் போட்டது, அதே கோடு வரைக்கும் இப்போத்த பொகையில்லா மருந்த முகந்தா துப்பாக்கிக் குழாயே பொளந்துடும். புது தோட்டா டப்பால டிராம் ஈக்விவலன்ட்னு போட்டிருக்கிறதப் பாத்து ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க, இல்லவே இல்ல, அது வேகத்த ஒப்பிடுற பழைய பழக்கம், முகக்குற அளவு கெடையாது.

எப்படி சுத்தம் பண்றது? புளி போட்டுத் தேய்க்கலாமா?

ஐயோ, அம்மாகிட்ட குடுத்துடாதீங்க. புளியும் பீதாம்பரியும் போட்டா குத்துவிளக்கு மாதிரி மின்னும், ஆனா மெல்லிசா வெட்டுன எழுத்து எல்லாம் தேஞ்சு போயிடும், அந்தப் பழுப்பு நெறம் போனா திரும்ப வராது. காஞ்ச துணி, தேவைப்பட்டா ஒரு சொட்டு மெஷின் ஆயில், மரத்துக்குக் கொஞ்சம் மெழுகு. உள்ள ஈயத் தூசி இருக்கும், கை கழுவாம சாப்பிடாதீங்க.

முழு செட் தோல் பெட்டில, லேபிளோட வந்திருக்கு. எல்லாம் சேர்ந்தே இருந்ததா?

சந்தேகப்படுங்க. பெட்டிக்குள்ள துணி மேல ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பள்ளம் இருக்கும், நூறு வருஷம் ஒரே எடத்துல கெடந்தா துணில அதோட நெழல் மாதிரி தழும்பு விழுந்திருக்கும். சாமானத் தூக்கிட்டு தழும்பப் பாருங்க, சாமான் வட்டமா இருந்து தழும்பு நீளமா இருந்தா வேற எங்கேயோ இருந்து எடுத்து வச்சது. அப்புறம் எல்லாத்துலயும் ஒரே நம்பர் இருக்கான்னு பாக்கணும், 12 போர் மெஷினோட 16 போர் இடிகட்டை குடித்தனம் பண்ணாது. பெரிய துப்பாக்கிக் கம்பெனி லேபிள் எல்லாம் புதுசா அச்சடிச்சு வெளிப்படையாவே விக்கிறாங்க, அதனால லேபிள் மட்டும் வெள்ளையா நெமிர்ந்து உக்காந்திருந்து சுத்தி துணி அரிச்சுப் போயிருந்தா புரிஞ்சுக்கோங்க.

உங்களுக்கு போட்டோ அனுப்புனா சொல்வீங்களா?

சொல்றேன், ஆனா தயவுசெஞ்சு தூரத்துலேர்ந்து ஒரே ஒரு போட்டோ வேணாம். நாலு வேணும்: மொத்தமா ஒண்ணு, தோட்டாவத் தொடுற எடம் கிட்டத்துல ஒண்ணு, எழுத்து இருந்தா பக்கவாட்டு வெளிச்சத்துல ஒண்ணு, பக்கத்துல ஸ்கேல் இல்ல காசு வச்சு ஒண்ணு. வெல மட்டும் கேக்காதீங்க, அது எனக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல நடக்குற சண்டை.